சிறைச்சாலைகளின் நண்பர் ஜான் ஹோவர்டு

நோயுற்றவன் மருத்துவனை நாடிச் செல்வதும், செல்ல இயலாதவிடத்து உற்றார் மருத்துவனை அழைத்து வருவதும் உலக வழக்கு. காலில் விலங்கும் வாயிலில் பூட்டும் உடையவன் யாது செய்வான்? அவன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகவும், தனக்குற்ற நோய் இன்னதென்று எடுத்துரைக்கவும் அறியாதவனாகவும் இருப்பின் அவன் கதி என்னாகும்? நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் திருவள்ளுவர். சிறையில் நோயாளி ஒருவனே உளன். ஏனைய மூன்றும் திறவுகோலைக் கையில் வைத்திருப்போன் மனம் வைத்தாலன்றி வாரா. ஆதலின் அவன் உடல்நலத்திற்குப் பொறுப்பாளி யார் என வினவினால், பூட்டியவனே பொறுப்பாளி என்று விடையிறுத்தல் இக்காலத்தில் எளிது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்ஙனம் விடையிறுப்பார் மிகச் சிலரே. அவ்விடையை இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் ஏறச் செய்தவர் ஜான் ஹோவர்டு என்னும் நாட்டுப்புறக் கனவான். அவர் மருத்துவருமல்லர், வழக்கறிஞருமல்லர், பார்லிமெண்டு அங்கத்தினருமல்லர். அவர் சரித்திரத்தைப் பலர் விரித்து எழுதியுள்ளனர். நாம் இங்கு, சிறைப்பட்டோருள்ளும் இளையோருடைய உடலையும் உயிரையும் குறித்து அவர் கண்டவற்றையும் செய்தவற்றையுமே சிறப்பாக எடுத்துக்கொள்வோம். அவர் இல்லத்து இளைஞன் ஒருவனுக்கு நேர்ந்ததையும் மறைக்காது கூறுவோம்.

ஹோவர்டு 1726-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் லண்டன் மாநகரில் மெத்தை, ஜமக்காள வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர். தாயார் இவர் குழந்தையாயிருக்கையிலேயே காலஞ்சென்றார். பெட்போர்டு நகருக்கு அணித்தாயுள்ள கார்டிங்டன் என்னும் சிற்றூரில் ஒரு செவிலியிடம் வளர்ந்த இவர், உடல்நலம் குன்றிய பிள்ளையாகவே இருந்தார்; கல்வியிலும் பெரிதும் தேறினாரல்லர். மொத்த வியாபாரிகளான மளிகைக் கடைக்காரரிடம் தொழில் பயில விடப்பட்டார். 1742-இல் தந்தையார் இறக்கவே, தமக்குரிய செல்வத்தைப் பெற்று, பயிற்சி உடன்படிக்கையினின்றும் பணங்கொடுத்து விடுபட்டு, வெளிநாட்டுப் பிரயாணம் செய்தார்.

இவரது முதல் மணம் வினோதமானது. வாடகை அறையொன்றில் தங்கியிருந்தபோது இவர் கடும்நோயுற்றார். அவ்வீட்டுத் தலைவியாகிய விதவை இவரைக் கண்ணும் கருத்துமாய்ப் பேணிக் காத்தாள். அவள் இவரினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூத்தவள், பிணியாளியும்கூட. ஆயினும் நோய் நீங்கி எழுந்த ஹோவர்டு, நன்றிக்கடன் தீர்க்க வேறு வழியறியாதவராய் அவளையே மணந்துகொண்டார். ஊரார் நகைத்திருக்கலாம். நோயிற் கிடந்தவனுக்கு அருகிருந்து உதவும் ஒருவரின் அருமையை அவர் எவ்வளவு உணர்ந்திருந்தார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் காட்டுதல் அரிது. 1755-இல் அவ்வம்மையாரும் இறந்தார்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் முதல் நாள் லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் அழிந்தது. அங்குச் சென்று காணவும் இயன்ற உதவி புரியவும் விரும்பிய ஹோவர்டு கப்பலேறினார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகைமை மூண்டிருந்த காலமாதலின், பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலொன்று வழிமறித்து அனைவரையும் சிறைப்பிடித்தது. பிரெஸ்ட் நகரக் கோட்டையின் நிலவறையில் ஆறு இரவுகள் வைக்கோலின்மீது கிடந்தார். உணவும் நீருமின்றி நெடுநேரம் வாடியபின், ஓர் இறைச்சித் துண்டு அவர்கள் நடுவே எறியப்பட்டது. வெட்டக் கத்தியில்லாமையால் விலங்குகளைப்போல் பற்களாற் கடித்துத் தின்ன வேண்டியதாயிற்று. பின்னர் வாக்குறுதியின்மேல் விடுதலை பெற்று நாடு திரும்பிய அவர், தம்முடன் சிறைப்பட்டு ஆங்கே நோயாலும் பசியாலும் மாண்டுகொண்டிருந்த மாலுமிகளின் நிலையை அதிகாரிகளிடம் முறையிட்டார். எஞ்சியோர்க்கு விடுதலையும் கிடைத்தது. சிறைவாசம் இன்னதென்று ஏட்டிற் படித்தறிந்தவரல்லர் நம் ஹோவர்டு.

1758-இல் ஹென்றியட்டா லீட்ஸ் என்னும் பெருமாட்டியை மணந்து கார்டிங்டனில் குடியேறினார். தம் நிலத்துக் குடியானவர்க்குக் காற்றோட்டமுள்ள வீடுகள் கட்டிக்கொடுத்தார். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் ஏற்படுத்தினார். சதுப்பு நிலத்தின் ஈரத்தால் காய்ச்சல் உண்டாகிறதென்று கருதியவராதலின், வீட்டின் தளமும் சாளரமும் அமையும் முறையைத் தாமே நின்று பார்த்தார். 1765-இல் ஓர் ஆண்மகவு பிறந்தது. அது பிறந்த சில நாட்களுக்குள் ஹென்றியட்டா இறந்தாள். அக்குழந்தையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

1773-ஆம் ஆண்டில் ஹோவர்டு பெட்போர்டு மாகாணத்தின் ஷெரீப் ஆக நியமனம் பெற்றார். அரசாங்கத் திருச்சபையைச் சேராத பிரிவினர்க்கு அப்பதவி சட்டப்படி கூடாதது. தண்டனைக்கு ஆளாகக்கூடுமென்று அறிந்தும் அவர் அதை ஏற்றார். ஷெரீப்மார் பெரும்பாலும் பட்டாடை புனைந்து நீதிபதிகளை எதிர்கொண்டழைத்து, விருந்துண்டு ஓராண்டைக் கழித்துவிடுவர். சிறைகளின் மேற்பார்வை தம் கடமை என்பது ஏட்டளவில் நின்றது. ஹோவர்டு அதனைச் சொல்லளவே பொருளாகக் கொண்டு பெட்போர்டுச் சிறைக்குட் சென்றார். பனியன் என்னும் பக்தர் முன்னொரு நூற்றாண்டிற் சிறையிருந்ததும் அவ்வூரிலேதான்.

அங்கே அவர் முதலிற் கண்டது நோயன்று, கணக்கு. சிறைக் காவலனுக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் கொடுக்கும் கட்டணமே அவனுக்கு ஊதியம். நீதிமன்றத்தார் குற்றமற்றவனென்று தீர்த்து விடுவித்தவனும், காவலனுக்கு 15 ஷில்லிங் 4 பென்ஸும், வாயில் காப்போனுக்கு 2 ஷில்லிங்கும் கொடுத்தாலன்றி வெளியேறல் இயலாது. அங்ஙனம் கொடுக்க வகையற்றோர் மாதக்கணக்காய் உள்ளேயே கிடந்தனர். காவலனுக்கு மாகாணமே சம்பளம் கொடுக்கலாகாதா என்று ஹோவர்டு மாஜிஸ்டிரேட்டுகளை வேண்டினார். வேறெந்த மாகாணத்திலாவது அவ்வழக்கம் உண்டேல் காட்டுக என்றனர் அவர்கள். அண்டை மாகாணங்களிற் சென்று தேடினார், ஓரிடத்தும் காணவில்லை. தேடிச் சென்ற இடத்தில் அவர் கண்டது சிறைக் காய்ச்சல்.

அக்காய்ச்சலை இக்காலத்து மருத்துவர் டைபஸ் என்பர். நெருக்கமும் அழுக்கும் உள்ள இடங்களில் உடற்பேன்களால் அது பரவுகிறதென்று 1909-இல் சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் துனிஸ் நகரிற் கண்டறிந்தார். ஹோவர்டு காலத்தவரோ கெட்ட காற்றே காரணம் என்றெண்ணினர். 1577-இல் ஆக்ஸ்போர்டிலும் 1750-இல் லண்டன் ஓல்டு பெய்லியிலும், விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளிடமிருந்து தொற்றி நீதிபதிகளும் பஞ்சாயத்தாரும் மாண்டனர். நீதிபதிகள் மாண்டபோது நாடு திடுக்கிட்டது. கைதிகள் மாண்டபோது எண்ணுவாரும் இலர். 1773, 1774-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்டோரினும் இக்காய்ச்சலால் சிறையில் இறந்தோர் மிகப் பலர் என்று ஹோவர்டு தாம் கண்டவற்றைக் கொண்டு எழுதினார். கடனுக்காகவும் சிறு களவுக்காகவும் உள்ளே சென்றவனுக்கு எந்த நீதிபதியும் விதியாத மரண தண்டனை அங்கே நிறைவேறிற்று.

அவர் சென்ற முறையையும் சிறிது கூறவேண்டும். மூடிய வண்டியிற் செல்வதாயின் உடையிற் படிந்த சிறை நாற்றம் தாங்க முடியாமையால் குதிரைமீதே சென்றார். கையில் காடி நிரம்பிய சிறு குப்பி ஒன்று வைத்திருந்தார். குறிப்புப் புத்தகத்தின் ஏடுகளைத் தீயின்முன் நெடுநேரம் விரித்து வைத்த பின்னரே அதனைக் கையாள முடிந்தது. தொற்று நோய்க்கு அஞ்சிச் சிறைக் காவலர் சிலர் அவருடன் உள்ளே வர மறுத்தனர். அவர் தனியே சென்றார். அறையின் நீள அகலங்களை அளந்தார், படுக்கை வைக்கோலைத் தொட்டுப் பார்த்தார், அப்பத்தை நிறுத்தார். பல சிறைகளில் நீர் வசதி இல்லை; குடிக்கவும் கழுவவும் நாளொன்றுக்கு ஒருவனுக்கு 3 பைண்டு நீரே கிடைத்த இடமும் உண்டு. சாளரங்களுக்கு வரி இருந்தது. அவ்வரியைக் காவலனே செலுத்த வேண்டியிருந்தமையால் அவன் சாளரங்களை அடைத்துவிட்டான். காசு மிச்சப்பட்டது, மூச்சு முட்டிற்று. இத்தகைய சிறு செய்திகளைக் கண்டுபிடிப்பதில் ஹோவர்டினுக்கு நிகர் எவரும் இலர் என்றே நாம் கருதுகிறோம். ஆவேசமான சொற்பொழிவுகள் அவரிடத்தில் இல்லை. அளவுகோலும் தராசும் இருந்தன.

இனி, இளையோர் செய்திக்கு வருவோம். அக்காலத்தில் சிறுவர்க்கெனத் தனிச் சிறை இங்கிலாந்தில் இல்லை. ஏழு வயது கடந்த பிள்ளையைக் குற்றவாளியாக விசாரிக்கச் சட்டம் இடந்தந்தது. கைக்குட்டை திருடிய சிறுவனும், எஜமானை விட்டு ஓடிப்போன பயிற்சிப் பையனும், வழிப்பறிக்காரரும், பித்துப் பிடித்தோரும் ஒரே முற்றத்திற் கிடந்தனர். பன்னிரண்டு பதினான்கு வயதுப் பையன்கள் பழுத்த திருடரைச் சுற்றி அமர்ந்து அவர்தம் வீரக் கதைகளை ஆவலோடு கேட்டிருந்ததை ஹோவர்டு கண்டார். பிரைட்வெல் எனப்பட்ட திருத்தச் சாலைகள் பலவற்றில் உணவுக்கென ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை; வேலை செய்யக் கருவிகளும் இல்லை. சோம்பித் திரிந்ததற்காக அனுப்பப்பட்ட சிறுவன் அங்கே சோம்பியே இருக்க வேண்டியதாயிற்று; பட்டினி கிடந்து, புண்ணும் காய்ச்சலும் கொண்டு, விடுதலையான பின் நடக்கவும் வலியற்றவனாய் வெளியே வந்தான். அற்பக் குற்றத்திற்காக உள்ளே சென்ற இளம்பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே முற்றும் கெட்டழிந்தனர் என்று அவர் வருந்தி எழுதியுள்ளார். கெட்டழிதல் என்பது ஒழுக்கத்தை மட்டும் கருதியதன்று. வளரும் உடம்பு ஒரு குளிர்காலம் ஈரத் தரையிற் கிடந்தால், அதன் பயனை அவன் வாழ்நாள் முழுதும் சுமக்கவேண்டும் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர்.

1774-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பார்லிமெண்டின் கீழ்ச்சபை அவரை அழைத்து வாக்குமூலம் கேட்டு, நன்றியும் கூறிற்று. யாருடைய செலவில் இவ்வளவு தூரம் பிரயாணம் செய்தீர் என்று அங்கத்தினர் ஒருவர் வினவினாராம். கைப்பொருளைச் செலவிட்டு ஒருவன் சிறைகளைச் சுற்றுவான் என்பது அவருக்கு விளங்கவில்லை போலும்! அவ்வாண்டிலேயே இரண்டு சட்டங்கள் நிறைவேறின. விடுதலையானவனிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது ஒன்று. மற்றொன்று கைதிகளின் உடல்நலக் காப்புச் சட்டம். சிறையின் சுவர்களையும் மேற்தளத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுரண்டிச் சுண்ணாம்பு பூசவேண்டும். அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் அளிக்கவேண்டும். நோயுற்ற ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி அறைகள் ஒதுக்கவேண்டும். குளிக்கத் தொட்டிகள் வைக்கவேண்டும். ஒரு ரணவைத்தியரையோ அப்போத்திகரியையோ சம்பளத்துடன் நியமிக்கவேண்டும். அவர் கைதிகளின் உடல்நிலையைக் குறித்து மாஜிஸ்டிரேட்டுகளின் காலாண்டுக் கூட்டத்திற்கு அறிக்கை தரவேண்டும். இச்சட்டத்தைப் பலகையில் எழுதி யாவரும் காணத் தொங்கவிடவேண்டும். இவற்றுள் தலையாயது அறிக்கை தரும் விதியே என்பது நமது எண்ணம். மருத்துவன் காவலனுக்கு அடங்கியவனாயின் நோய் வெளிவராது. மருத்துவன் நீதிபதிக்குக் கணக்குக் கொடுப்பவனாயின் காவலனும் அஞ்சுவான்.

சட்டம் எழுதியவுடன் காரியம் முடிந்ததென்று பார்லிமெண்டார் இருந்தனர். ஹோவர்டோ, இரு சட்டங்களையும் தம் செலவில் அச்சிட்டு நாட்டிலுள்ள ஒவ்வொரு சிறைக்கும் அனுப்பினார். பின்னர் அவை நடைமுறையில் உள்ளனவா என்று காண மீண்டும் புறப்பட்டார். பலவிடங்களில் இல்லை. 1777-இல் வெளிவந்த அவருடைய சிறைகளின் நிலை என்னும் நூல் இவற்றையெல்லாம் ஊர் ஊராக, அறை அறையாக எடுத்துரைத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அவர் எண்ணிய கைதிகள் 4,084 பேர். அவருள் 2,437 பேர் கடன்பட்டோர். குறைந்த விலைக்கு அந்நூலை விற்கச் செய்து, பல பிரதிகளை இலவசமாகவும் வழங்கினார்.

அந்நூலில் அவர் வரைந்த நல்ல சிறையின் அமைப்பைக் காண்போம். இளங் குற்றவாளிகளைப் பழகிய குற்றவாளிகளினின்று பிரித்து வைக்கவேண்டும். ஆடவர், பெண்டிர், இளையோர் ஆகிய ஒவ்வொரு வகுப்பினர்க்கும் கணப்படுப்புள்ள பகலறையும் முற்றமும் தனித்தனியே இருக்கவேண்டும். காற்று மிக வீசும் பக்கத்தில் நோயாளர் அறைகள் அமையவேண்டும். குளிக்கும் தொட்டியும், உடைகளைச் சூடேற்றும் அடுப்பும் இருக்கவேண்டும். மிதமான சூட்டில் சில மணிநேரம் வைத்தால் உடையிலும் படுக்கையிலும் உள்ள பூச்சிகள் மடியும் என்று அவர் எழுதினார். பேனே காய்ச்சலுக்குக் காரணம் என்பதை அறியாமலே பேனைக் கொல்லும் வழியை அவர் கண்டது வியப்பன்றோ!

இளையோர்க்குத் தனி முற்றம் என்னும் இக்கருத்து, பின்வந்தோர் கையில் எங்ஙனம் திரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் போர் காரணமாகக் கைதிகளை அக்கரைக்கு அனுப்பும் வழி அடைபட்டபோது, 1776 முதல் பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் நிறுத்திச் சிறையாக்கினர். ஹோவர்டு அங்கும் ஏறிப் பார்த்தார். பூசணம் பூத்துப் பச்சை படர்ந்த பிஸ்கோத்துகளை அவர்கள் உண்ணக் கண்டார். முதல் இருபது மாதங்களில் அக்கப்பல்களிற் சேர்ந்த 632 பேரில் 176 பேர் இறந்தனர். அவர் காலத்துக்குப் பின், 1825-இல், டிரபால்கர் போரிற் புகழ்பெற்ற யூரியாலஸ் என்னும் கப்பலைச் சாத்தம் துறையில் நிறுத்திச் சிறுவர்க்கே உரிய சிறையாக்கினர். பத்து வயது நிரம்பாதவரும் அதில் இருந்தனர். பிரித்து வைத்தாயிற்று, ஹோவர்டின் சொற்படி செய்தாயிற்று என்று அதிகாரிகள் மகிழ்ந்திருக்கலாம். 1835-இல் பிரபுக்கள் சபையின் விசாரணைக் குழுவின்முன் வந்த சாட்சியம் வேறு கதை கூறிற்று. பெரிய பையன்களின் கொடுமைக்கும் பசிக்கும் தப்புவதற்குச் சிறுவர்க்கிருந்த புகலிடம் மருத்துவமனைக் கப்பல் ஒன்றே. அங்குச் செல்லும்பொருட்டுப் பொத்தானைக் காய்ச்சித் தோலில் வைத்துப் புண்ணாக்கிக் கொண்டனர். மேசை விளிம்பைத் தம் கைமேல் விழச்செய்து எலும்பையும் முறித்துக் கொண்டனர். நோயற்ற பிள்ளை நோயை விரும்பித் தேடும் இடம் எத்தகையது என்று வாசகரே எண்ணிப் பார்ப்பாராக. 1843-இல் அக்கப்பற் சிறை மூடப்பட்டது.

ஹோவர்டு இறந்து 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1990-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, சுதந்திரம் பறிக்கப்பட்ட இளையோரின் பாதுகாப்புக்கான விதிகளை ஏற்றது. ஹவானா விதிகள் என்பர் அவற்றை. உள்ளே வந்தவுடன் ஒவ்வொரு சிறுவனையும் சிறுமியையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். முன்பு அடிபட்ட தடயம் இருப்பின் அதனையும் குறிக்கவேண்டும். பல், கண், மனம் ஆகியவற்றுக்கும் சிகிச்சை வேண்டும். இயன்றவரை வெளியிலுள்ள பொது மருத்துவமனைகளைக் கொண்டே அது நடைபெற வேண்டும். மருந்தைத் தண்டனையாகவோ அடக்கி வைக்கும் கருவியாகவோ பயன்படுத்தலாகாது. பிள்ளை கடும்நோயுற்றால் பெற்றோர்க்கு அறிவிக்க வேண்டும் என அவை கூறுகின்றன. ஒரு நாட்டை நேரே கட்டுப்படுத்தும் சட்டமல்ல அவை. 1774-ஆம் ஆண்டுப் பலகையையும் இவ்விதிகளையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, அன்று சுவரைப்பற்றிப் பேசிய சட்டம் இன்று பிள்ளையைப்பற்றிப் பேசுகிறது என்பது புலப்படும். மனநோயைக் குறித்து அன்றைய சட்டம் ஒன்றும் கூறவில்லை.

பிரயாணத்தைத் தொடர்வோம். ஐரோப்பாவின் சிறைகளையும் காணப் புறப்பட்ட ஹோவர்டு, ஹாலந்து, ஜெர்மனி, இத்தாலி, ருஷியா முதலிய நாடுகளில் அலைந்தார். புலாலும் மதுவும் நீக்கி, ரொட்டி, பால், காய்கறி, தேநீர் ஆகியவற்றால் உயிர் வாழ்ந்தார். 1778-இல் ரோமாபுரியில் சான் மிக்கேலே என்னும் இல்லத்தைக் கண்டார். பதினோராம் கிளமெண்டு என்னும் போப்பாண்டவர் 1703-இல் சிறுவர்க்கெனவே தொடங்கிய சிறை அது. மூன்று அடுக்குகளாய் 60 அறைகள். பையனுக்கு ஓர் அறை. பகலில் நடுக்கூடத்தில் நூல் நூற்றனர். கெட்டவரைத் தண்டனையால் அடக்குவது மட்டும் போதாது, நல்லவராக்க வேண்டும் என்னும் கருத்துடைய சாசனம் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டிருந்தது. அது ஹோவர்டின் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்பையன்கள் பேசலாகாது என்னும் விதியையும், கசையடியையும் அவர் அவ்வளவாகக் கண்டித்தாரல்லர். தனிமையும் மௌனமும் மனிதனைத் திருத்தும் என்று அவர் பெரிதும் நம்பினார். அந்நம்பிக்கையால் பிற்காலத்துச் சிறைகளில் எத்தனையோ பேர் அறிவு மயங்கினர் என்பதை நாம் அறிவோம், அவர் அறியார்.

அயர்லாந்தில் அவர் செய்த காரியத்தை நம்மைப் போன்ற கல்லூரியினர் மறத்தலாகாது. அங்கே ஏழைக் கத்தோலிக்கரின் பிள்ளைகளைச் சேர்த்துப் புராட்டஸ்டண்டு மதத்தில் வளர்க்கும்பொருட்டுச் சார்ட்டர் பள்ளிகள் என்னும் விடுதிகள் பல, அரசாங்கப் பணத்தால் நடைபெற்று வந்தன. குற்றம் புரிந்த பிள்ளைகள் அல்லர் அவர்கள். எனினும் பெற்றோரைப் பிரிந்து பூட்டிய வாயிலுக்குள் இருந்தமையால் அவர் நிலையும் ஒன்றே. ஆண்டறிக்கைகள் அவற்றைப் பெரிதும் புகழ்ந்தன. ஹோவர்டு உள்ளே சென்று பிள்ளைகளை எண்ணினார். அறிக்கையில் கண்ட தொகையினும் குறைவாயிருந்தனர். சிரங்கும் தலைப்புண்ணும் பிடித்து, அரைகுறை ஆடையுடன், பசியால் மெலிந்து, எழுத்தறிவும் இன்றி இருந்தனர். விடுதித் தலைவனுடைய தோட்டத்திலும் தறியிலும் வேலை மட்டும் குறைவின்றி நடந்தது. ஹோவர்டு தாமும் புராட்டஸ்டண்டு, ஆழ்ந்த பக்திமான். தம் மதத்தின் பெயரால் நடப்பது என்று அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. 1788-இல் அயர்லாந்துப் பார்லிமெண்டின் குழுவின்முன் நின்று கண்டபடியே சாட்சி கூறினார்.

ஊரார் பிள்ளைகளை இங்ஙனம் எண்ணிப் பார்த்தவரின் சொந்தப் பிள்ளை யாதாயினான்? தாயற்ற அம்மகனிடம் அவருக்கு அன்பில்லை என்று சொல்லல் பொய்யாகும். ஆயினும் கீழ்ப்படிதலே பிள்ளை கற்கவேண்டிய முதற்பாடம் என்று கருதினார். குழந்தை அழுதால் மடியில் வைத்துக்கொண்டு, சினவாமலும் கொஞ்சாமலும், அழுகை தானே ஓயுமளவும் பேசாதிருப்பாராம். சிறு வயதிலேயே பள்ளிக்கு அனுப்பினார்; பின்னர் எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பயிற்றுவித்தார். ஆண்டின் பெரும்பகுதியைப் பிரயாணத்திற் கழித்த தந்தையை மகன் விருந்தினரைப்போலக் கண்டான். இளைஞன் தீய நட்பிற் சிக்கினான், உடல் கெட்டது, பின் அறிவும் கலங்கிற்று. 1787-இல் வீயன்னா நகரிலிருந்து விரைந்து வந்த தந்தை, கார்டிங்டன் இல்லத்தில், காவலர் சூழ, தன்னை மறந்து கூச்சலிடும் மகனைக் கண்டார். அவனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. தந்தையைக் கண்டால் அவன் வெறி மிகுந்தது என்பர். ஐரோப்பாவின் பூட்டிய கதவுகளையெல்லாம் திறந்து பார்த்தவருடைய வீட்டிலேயே ஒரு கதவு பூட்டப்பட்டது. திறவுகோலும் அவர் கையிலேயே இருந்தது. பின்னர் லெஸ்டர் நகரத்து மனநோய் விடுதியில் மகனைச் சேர்த்தார்.

அவர் இறந்தபின், மகன் பித்தனானதற்குத் தந்தையின் கொடுமையே காரணம் என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதிற்று. நண்பர்களும் பணியாட்களும் அதனை மறுத்தனர். கொடுமை செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அருகில் இல்லை என்பதற்கோ அவருடைய பிரயாணக் குறிப்புகளே போதும். அவர் 42,000 மைலுக்கு மேற் சுற்றினார் என்றும், 30,000 பவுன் வரை செலவிட்டார் என்றும் கணக்கிடுவர். அக்கணக்கைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தையும் நோக்குவாராக.

இதற்கு முன்னரே அவர் கொள்ளைநோயை ஆராயத் தொடங்கியிருந்தார். ஸ்மிர்னா நகரில், நோயுள்ள துறையிலிருந்து வந்ததாகப் பதிவுபெற்ற கப்பலையே வேண்டுமென்று தேர்ந்து ஏறி, வெனிசில் கப்பற் பிரயாணிகளைத் தடுத்து வைக்கும் விடுதியின் உள்நிலையைத் தாமே சிறையிருந்து கண்டார். வழியில் கடற்கொள்ளையர் தாக்கியபோது, ஆணிகளைப் பீரங்கியில் நிரப்பிச் சுட்டு உதவினாராம் இச்சாந்த சீலர். வெனிஸ் விடுதியின் அறை நாற்றத்தால் தலைவலியுற்று உண்ண முடியாதிருந்தவர், கொதிநீரில் சுண்ணாம்பு கரைத்துச் சுவரில் பூசுவித்தார். அன்று மாலையே தேநீர் பருகினார். பார்லிமெண்டுச் சட்டத்தில் தாம் எழுதுவித்த மருந்தைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். அவர் இல்லாத சமயம் நோக்கி, நாட்டிலிருந்தோர் அவருக்குச் சிலை எடுக்கப் பணம் திரட்டினர். அறிந்த அவர் மிகவும் நொந்து தடுத்து எழுதினார், அம்முயற்சி கைவிடப்பட்டது.

1789-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இறுதியாக இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். கருங்கடலுக்கு அணித்தாகிய கெர்சன் நகரில் ருஷியப் படைவீரர் மருத்துவமனைகளில் கேட்பாரற்றுக் கிடந்தனர். ஹோவர்டு அங்கே தங்கிவிட்டார். அவருக்கு மருத்துவம் தெரியும் என்று நம்பிய மக்கள் அவரை வந்து அழைப்பர். காய்ச்சலுற்றுக் கிடந்த இளநங்கை ஒருத்தியைப் பார்க்க, கடுங்குளிரில் பல மைல் குதிரைமேற் சென்று திரும்பினார். சில நாட்களில் அக்காய்ச்சல் அவரையும் பற்றிற்று. 1790-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் உயிர் நீத்தார். தம்மைச் சிற்றூர் ஒன்றில் ஆரவாரமின்றி அடக்கம் செய்து, மேலே ஒரு சூரிய கடிகாரத்தை மட்டும் வைக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தார். நகரத்தார் பெருங்கூட்டமாய் உடன் சென்றனர்.

உயிரோடிருந்தபோது தடுத்த சிலையை, இறந்தபின் தடுப்பார் இல்லை. லண்டன் தூய பவுல் பேராலயத்தினுள் முதன்முதல் நிறுத்தப்பட்ட சிலை அவருடையதே. சிற்பி அவர் கையில் ஒரு திறவுகோலைக் கொடுத்துள்ளார், காலடியில் விலங்குகளை வைத்துள்ளார். லெஸ்டர் விடுதியிலிருந்த மகன் அறிவு தெளியாமலே 1799-இல் இறந்தான்.